பாராசாரியைக் கொளுத்தச் சொல்கிறீர்களா?

மோட்டார்ப் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு சத்தம் காதில் விழும். வண்டு இரைவதுபோலத் தொடங்கி, ஏறி ஏறிப் போய், சட்டென்று இறங்கி, மறுபடி ஏறும். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் எழுப்புகிற இரைச்சலுக்கு மேலே அது தனியாகக் கேட்கும். டீக்கடை வாசலில் நிற்கும் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "இதைப் பார்த்துத்தான் எல்லாப் பயலும் கெட்டுப்போறான்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்த வாக்கியத்தை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு அந்த வாக்கியத்துக்குப் பெரிய பலம் சேர்த்தது. ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அதே தடத்தில் அந்த ஜனவரியில்தான் 59 வயதான கார்ப் பந்தய வீரர் ஒருவர் இறந்திருந்தார். செப்டம்பர் 17 அன்று, இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டித் தாமல் அருகே யூடியூபர் டி.டி.எஃப். வாசன் வீலிங் செய்யப்போய்த் தூக்கி எறியப்பட்டு, கை முறிந்து, கைதானார். ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தபோது சென்னை உயர் நீதிமன்றம், யூடியூப் பக்கத்தை மூடிவிட்டு வண்டியைக் கொளுத்திவிடலாம் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னது. பிறகு ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

இந்தச் சம்பவங்கள் நாளிதழ்களில் வெவ்வேறு பக்கத்தில் வந்தாலும், வீட்டுத் திண்ணையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. வண்டி ஒரு பேய், அதன்மேல் ஆசைப்படுகிற பையன் பேய் பிடித்தவன், அவனுக்குக் கொம்பு சீவிவிடுகிற இடம் இருங்காட்டுக்கோட்டை, ஆகையால் சாவியைப் பிடுங்கு, வண்டியைக் கொளுத்து, தடத்தை மூடு. கடந்த சில ஆண்டுகளாகத் தொலைக்காட்சி விவாதங்களிலும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களிலும் நான் கேட்டுவருவது இந்த ஒரே தீர்ப்பைத்தான்.

இதன் பின்னால் இருக்கும் கோபத்தை நான் மதிக்கிறேன். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் மாநிலம்: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை போகிற சாலையில் எந்தச் சந்திப்பில் நின்று கேட்டாலும் அங்கே யார் எப்படி விழுந்தார்கள் என்று பெட்டிக்கடைக்காரர் சொல்வார். பிள்ளையை இழந்த வீட்டில் போய் நின்று வேகத்தின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் நோயைத் தவறாகக் கணித்துவிட்டு எவ்வளவு ஆத்திரத்தோடு மருந்து கொடுத்தாலும் நோயாளி பிழைக்க மாட்டான். நம் ஊர்ப் பையன்களுக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

தேசிங்கு ராஜன் கதையை நம் தாத்தாக்கள் விடிய விடியக் கேட்டிருக்கிறார்கள். டெல்லி பாதுஷாவிடம் பாராசாரி என்ற தேவலோகக் குதிரை இருந்தது, அதன் முதுகில் எவராலும் ஏற முடியவில்லை, ஏறப்போன பெரியவர்கள் தோற்றார்கள், தேசிங்கின் தகப்பனே தோற்றுச் சிறைப்பட்டார், பிள்ளை வந்து ஏறி அடக்கினான் என்று போகிறது அந்தக் கதைப்பாடல். செஞ்சிக்கோட்டையை ஆண்ட தேஜ் சிங் 1714-இல், வயது இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும்போதே, ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்டது வரலாறு. குதிரைக் கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. பெரியவர்கள் கிட்டே போக அஞ்சிய மிருகத்தோடு ஓர் இளைஞன் உறவு கொண்டதை முந்நூறு ஆண்டுகளாக இந்த மண் கொண்டாடிவருகிறது. அந்தக் கதையில் யாரும் குதிரையைக் கொளுத்தச் சொல்லவில்லை. அடக்கத் தெரிந்தவன் யார் என்றுதான் தேடினார்கள்.

வண்டியோடு உறவு என்று சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. இரும்புக்கும் ரப்பருக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். ஓட்டத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வண்டி ஒவ்வொரு நொடியும் பேசிக்கொண்டே இருக்கிறது. கைப்பிடியில் வரும் அதிர்வு, டயர் தரையைப் பற்றுகிறதா நழுவுகிறதா என்று சொல்கிறது. எஞ்சின் குரல், கியர் மாற்ற நேரமாகிவிட்டது என்று சொல்கிறது. பிரேக்கை மெல்ல அழுத்தும்போது முன்பக்கம் தாழ்கிறதே, அது எடை முழுவதும் முன்சக்கரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, இப்போது இன்னும் அழுத்தலாம் என்கிற அனுமதி. இந்த மொழியைக் கற்காதவன் ஊமையோடு சண்டை போடுவதுபோல வண்டியோடு சண்டை போடுகிறான். சண்டையில் வண்டி ஜெயிக்கும்.

என் அக்கா மகனின் கதையைச் சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்த வருடம் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். எனக்கு என் அப்பா சொன்னதையே அவனுக்கும் சொன்னேன்: "முன்பிரேக்கைத் தொடாதே, கவிழ்த்துடும். எப்பவும் கால் பிரேக்." தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதுதான் பாடம். ஒருநாள் மாலை, நெடுஞ்சாலையின் தடுப்பு இடைவெளியில் ஒரு லாரி திடீரென்று திரும்பியது. அவன் 60-க்கு மேல் போகவில்லை. நான் சொன்னபடியே காலால் ஓங்கி மிதித்தான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தான்.

பிறகு ஒரு பயிற்சியாளரைச் சந்தித்தபோதுதான் எனக்கு விளங்கியது. வண்டியை நிறுத்தும்போது எடை முன்னால் பாய்வதால், நிறுத்தும் விசையில் பெரும்பங்கைத் தருவது முன்பிரேக்தான். அதை வெடுக்கென்று இழுத்தால்தான் ஆபத்து. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினால் வண்டி நேராக நிற்கும். நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது பயத்தை. பயம் அவனைக் காப்பாற்றவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்றுவரை என்னை விடவில்லை. "வேகம் வேண்டாம், வண்டி வேண்டாம்" என்று யாராவது அறிவுரை சொல்லும்போதெல்லாம் அவன் கால் எனக்கு நினைவுக்கு வருகிறது. வேகமாகப் போகாதவனுக்கும் அன்றைக்கு வேகத்தை நிறுத்தும் கல்வி தேவைப்பட்டது.

வளைவில் திரும்புவதும் இப்படித்தான். கொஞ்சம் வேகமெடுத்த வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். காதால் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். செய்து பார்த்தவனுக்கு வண்டி பட்டென்று சாய்ந்து வழிவிடும். எல்லோரும் இதை அறியாமலே செய்கிறோம், ஆனால் பதற்றத்தில் மறந்து எதிர்ப்பக்கம் இழுத்து நேரே போய் மோதுகிறோம். அதற்கும் மேலே ஒன்று: கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். குழியை வெறித்துப் பார்த்தால் குழியில்தான் விழுவோம். தப்பிக்கும் வழியைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இந்தப் பாடங்களை நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, தப்பு செய்து செய்து கற்க முடியாது. முதல் தப்பே கடைசித் தப்பாகிவிடலாம்.

சரி, நம் அரசு எதைக் கற்பிக்கிறது? ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போட்டால் உரிமம். நடை வேகத்தில் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளத் தெரிகிறதா என்பதற்கு எட்டு நல்ல சோதனை. ஆனால் 60 கிலோமீட்டரில் வந்து எத்தனை அடியில் நிறுத்துவாய் என்று யாரும் கேட்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல சாலையில், நல்ல பிரேக்கில் 60-இல் போகிற வண்டி ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்குமென்றால், 120-இல் அது 80 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்கு முன் கழியும் ஒரு நொடியில் அந்த வண்டி இன்னொரு 33 மீட்டர் ஓடிவிடும். எட்டு போட்ட அடுத்த மாதமே 130-ஐத் தாண்டக்கூடிய வண்டியைத் தவணையில் வாங்கிக்கொண்டு இதே நெடுஞ்சாலைக்கு வருகிறவனுக்கு இந்தக் கணக்கை எவரும் உடலால் உணர்த்தியதில்லை.

அந்த வண்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை இறக்கியதிலிருந்து இந்தப் பகுதி கார்களின் ஊர். ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு 2013-இல் வந்தது. வல்லம் வடகாலில் யமஹாவும், ராயல் என்ஃபீல்டின் அடுத்த தொழிற்சாலையும் வந்தன. தென்மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்கள், அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் இங்கே வந்து நிற்கிறார்கள். எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றுவது, போல்ட்டை முறுக்குவது எல்லாம் அவர்கள் கைகள். வரிசையின் கடைசியில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் சுழலும், முள் ஏறும். தான் பூட்டிய மிருகத்தின் முழு வலிமையை அந்தப் பையன் பார்ப்பது அந்த உருளைமேல் மட்டும்தான். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், அந்த வலிமை முழுவதும் அவனுக்குத் தடை. சென்னை மாநகரில் இரு சக்கர வாகனத்துக்கு 50 கிலோமீட்டர் வரம்பு. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய். 18 வயதாகாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால் 199-ஏ பிரிவில் பெற்றவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

இந்தச் சட்டங்களை நான் எதிர்க்கவில்லை. பொதுச் சாலையில் அந்த வலிமையை அவிழ்த்துவிடக் கூடாது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடக்கிற தாய்க்கு, எவனோ ஒருவனின் சாகச ஆசைக்காகப் பயப்பட வேண்டிய கடமை கிடையாது. வாசனுக்குக் கிடைத்த தண்டனையிலும் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது வேறு. வலிமையைச் செய்யலாம், விளம்பரம் செய்யலாம், தவணையில் விற்கலாம், வரி வாங்கலாம், ஆனால் அதை முறையாகக் கற்கும் இடம் மட்டும் இருக்கக் கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? விற்றுவிட்டுக் கொளுத்தச் சொல்வதற்குப் பெயர் ஒழுக்கமா?

இருங்காட்டுக்கோட்டைத் தடம் அந்த வலிமைக்கென்றே உருவான இடம். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பந்தயத்துக்கென்றே ஓர் இடம் வேண்டுமென்று அந்தக் கிளப் இங்கே கட்டிய தடம் 1990-இல் திறந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி வராது, மாடு குறுக்கே வராது, பாதித் தூரத்தில் பள்ளம் இருக்காது. வளைவுக்கு வளைவு கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். வண்டியைப் பரிசோதித்து, தோல் உடையையும் ஹெல்மெட்டையும் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். சென்னை ரஜினி கிருஷ்ணனும் ஜெகன்குமாரும் அலிஷா அப்துல்லாவும் பெயரெடுத்தது இங்கே ஓடித்தான். தடத்தில் ஓட்டுகிறவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். சாலையில் வண்டி ஓட்டப் பயமாயிருக்கிறது என்று சொல்லாத ஒருவரை நான் பார்க்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் சாலையில் அந்த எல்லைக்கு எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்று தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் இரண்டு வாதங்கள் கனமானவை. அவற்றைச் சந்திக்காமல் போவது நேர்மையாகாது.

முதல் வாதம், அந்த 13 வயதுப் பிள்ளை. தடத்திலும் சாகிறார்களே, என்ன பாதுகாப்பு என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் அந்தச் சாவு என்ன சொல்கிறது என்று கூர்ந்து கேட்க வேண்டும். 2021-இல் ஐரோப்பாவில் ஒரே பருவத்தில் 14, 15, 19 வயதில் மூன்று இளம் வீரர்கள் பந்தயத் தடங்களில் இறந்தார்கள். உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் பந்தயத்தை மூடவில்லை. குறைந்தபட்ச வயதை உயர்த்தியது. உலக கிராண்ட் பிரீ போட்டிக்கு 2023 முதல் 18 வயது என்று விதித்தது. இளையோர் போட்டிகளில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஏனென்றால் இந்த மரணங்களில் பெரும்பாலும் கொல்வது வேகம் மட்டுமில்லை. ஒருவன் விழுந்தால் பின்னால் நெருங்கி வருகிறவனால் விலக முடியாமல் போகிற அந்தக் கூட்டமும்தான் கொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளை, கூட்டமாக, பெரிய தடத்தில் போட்டி போடவிடக் கூடாது என்பதே என் நிலை. பதின்மூன்று வயதில் சிறிய வண்டியில் சிறிய தடத்தில் பயிற்சி பெறட்டும். 18-க்கு முன் முழுத் தடத்தில் கூட்டப் பந்தயம் வேண்டாம். இந்தக் கோரிக்கையைத் தடத்தை மூடச் சொல்கிறவர்களைவிட நான் உரக்கச் சொல்கிறேன். குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கிவிட்டால் படித்துறை கட்டி நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர்கள் நாம். குளத்தைத் தூர்த்துவிட்டால், பிள்ளைகள் கல்குவாரிக் குட்டையில் போய்க் குதிப்பார்கள்.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. திறமையைக் கற்றுக்கொடுத்தால் தலைக்கனம் வரும், சாலையில் இன்னும் வேகமாகப் போவான் என்பார்கள். இது வெறும் பேச்சில்லை. நார்வேயில் இளம் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பிறகு ஆராய்ந்தபோது, இளைஞர்களின் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. வழுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் அவர்கள் துணிந்து போனார்கள். ஆனால் நார்வே பயிற்சி மைதானத்தைப் பூட்டவில்லை. பாடத்தை மாற்றியது. சமாளிப்பதைக் கற்பிப்பதை விட்டுவிட்டு, உன்னால் சமாளிக்க முடியாது என்பதை நீயே அனுபவித்துப் பார் என்று காட்டும் பாடமாக்கியது. இங்கேயும் அந்தப் பாடம்தான் வேண்டும். 100-இல் வந்து நிறுத்திப் பார், நீ நினைத்த இடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போய்விட்டாய் என்று இறங்கி நடந்து பார். அந்த நடை எந்தப் போக்குவரத்துக் காவலரின் அறிவுரையைவிடவும் ஆழமாக இறங்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பேய்க் கதை எல்லாப் பையன்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை. ஞாயிறு விடியற்காலை ஈ.சி.ஆரில் பதினைந்து லட்சம் ரூபாய் வண்டியில் போகிறவனுக்கு "ரைடர்" என்று பெயர். அவனுக்கு அது ஆர்வம், பொழுதுபோக்கு. புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடி வாங்கிப் பூட்டிய வண்டியில் வியாசர்பாடியிலிருந்து வருகிறவனுக்கு "புள்ளிங்கோ" என்று பெயர். முடியையும் சட்டையையும் பார்த்தே நிறுத்திச் சாவியைப் பிடுங்குகிறார்கள். இருவரும் ஒரே வேகத்தில்தான் போனார்கள், ஒரே தப்பைத்தான் செய்தார்கள். முன்னவனுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் கட்டி வெளிநாட்டுப் பயிற்சியாளரிடம் இருங்காட்டுக்கோட்டையில் பாடம் கேட்க வழி இருக்கிறது. பின்னவனுக்கு மதுரவாயல் பைபாஸ்தான் பள்ளிக்கூடம், நள்ளிரவுதான் வகுப்பு நேரம். "தடத்தை மூடு" என்கிற கூச்சல் முன்னவனைத் தொடாது. அவன் மலேசியாவுக்குப் போய் ஓட்டுவான். நஷ்டம் எப்போதும் பின்னவனுக்கே.

வண்டியைக் கொளுத்தச் சொல்கிற தமிழர்கள் ஜல்லிக்கட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது நாம் என்ன வாதம் வைத்தோம்? காளைக்கும் வளர்ப்பவனுக்கும் உள்ள உறவைப் பட்டணத்துக்காரர்களுக்குப் புரியாது என்றோம். தடை வேண்டாம், ஒழுங்குமுறை போதும் என்றோம். 2017 ஜனவரியில் மெரினாவில் பல்லாயிரம் பேர் இரவு பகலாக உட்கார்ந்தோம். சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. இன்று வாடிவாசலுக்கு முன் மருத்துவப் பரிசோதனை, பதிவு, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பிறகும் மாடுபிடி வீரர்கள் சாகத்தான் செய்கிறார்கள். அதைச் சொல்லி ஜல்லிக்கட்டை நிறுத்தச் சொன்னால் நாம் ஏற்பதில்லை. இன்னும் நல்ல ஏற்பாடு செய்யுங்கள் என்கிறோம். அந்த நியாயம் சரியென்றால் அது இருங்காட்டுக்கோட்டைக்கும் பொருந்தும். காளை நம் பழமை என்பதால் அன்பும், எஞ்சின் நம் பிள்ளைகளின் காலத்தது என்பதால் அருவருப்பும் காட்டினால், நாம் காப்பாற்றுவது வீரத்தையா, நம் வயதையா?

அந்தத் தடத்தை எல்லாப் பையன்களுக்கும் திறந்துவிடப் பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவை அடைத்து, விளக்குப் போட்டு, கார்களுக்கு இரவுப் பந்தயம் நடத்திக் காட்டியது தமிழ்நாடு அரசு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே முன்னின்றது. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், மறுக்கவில்லை. ஒரு வார இறுதிக்கு ஒரு மாநகரத்தின் சாலையையே அடைக்க முடிந்த அரசுக்கு, ஏற்கனவே கட்டி வைத்திருக்கும் தடத்தை வாரத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது பெரிய காரியமில்லை. பந்தயம் இல்லாத கிழமையில் ஒரு நாள் போதும். ஆதார் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் ஹெல்மெட்டும் கொண்டுவரும் எந்தப் பையனுக்கும், எந்தப் பெண்ணுக்கும், சினிமா டிக்கெட் விலையில் பிரேக் பிடிப்பதையும் வளைவில் சாய்வதையும் ஒரு முழு நாள் கற்றுக்கொடுங்கள். தோல் உடையில்லாதவனுக்கு அதை வாடகைக்குக் கொடுங்கள். செலவில் பாதியை இந்தப் பகுதியில் வண்டி செய்யும் நிறுவனங்கள் ஏற்கட்டும். விற்கிறவனுக்குக் கற்பிக்கும் கடமையும் உண்டு. இன்ன சிசிக்கு மேல் உள்ள வண்டி வேண்டுமானால் இந்தப் பயிற்சிச் சான்று வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விதி செய்யட்டும். பொதுச் சாலையில் பந்தயம் விட்டு முதல் முறை பிடிபடுகிறவனுக்கு அபராதத்தோடு இந்த ஒரு நாளையும் தண்டனையாகக் கொடுங்கள்.

கடைசியாகப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், தெரியும். அவன் நண்பனின் வண்டியை ஓட்டுகிறான், அதுவும் உங்களுக்குத் தெரியும். அடுத்த பந்தய வார இறுதியில் அவனைக் கூட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். வேலியோரம் அவனோடு நின்று, அந்த வண்டிகள் வளைவுக்கு வரும்போது எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள்.